சும்மா கிடக்கிற சாமான்

நம் ஓய்வூதியர் சங்கத்தில் என்மேல் ஒரு குறை சொல்கிறீர்கள். என் காதில் விழாமல் இல்லை. பழைய செல்போன் கொடுக்க வருகிறவர்களை நான் கேள்வி கேட்டே திருப்பி அனுப்பிவிடுகிறேனாம். போன கூட்டத்தில் செயலாளரே கேட்டார், "அண்ணாச்சி, நீங்க போன் வாங்குதீகளா, போலீஸ் விசாரணை பண்ணுதீகளா?" என்று. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன். பதிலை வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாராவது டீ வந்துவிட்டது என்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். வீட்டில் வைத்து நிதானமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

பெட்டி என் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறது. டி.வி. வந்த அட்டைப்பெட்டி. எண்ணிக்கை தவறாது என்றுதான் என்னிடம் கொடுத்தீர்கள். இன்று காலை வரை நூற்று எண்பத்து மூன்று. பொத்தான் வைத்தவை நூற்றுப் பன்னிரண்டு, விரலால் தேய்க்கிறவை எழுபத்தொன்று. பாட்டரி உப்பிப்போனவற்றை மட்டும் தனியாக ஒரு மண்சட்டியில் மணல் போட்டு வைத்திருக்கிறேன். அப்பம் மாதிரி உப்பிக் கிடக்கின்றன. எப்போது வெடிக்குமோ என்று ஒரு நாளைக்குப் பல தடவை எட்டிப் பார்க்கிறேன். சங்கத்தில் வேறு யாருக்கும் அந்தக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை.

பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வரும். தேங்காயெண்ணெய், முகப்பவுடர், வெற்றிலை, பீடி, வியர்வை எல்லாம் கலந்தது. மனிதர்கள் கன்னத்தில் ஒட்டி வைத்திருந்த சாமான் அல்லவா. ஒன்றில் ஐந்தாம் பொத்தான் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. கடையநல்லூரிலிருந்து வந்த ஒன்றில் பொத்தான்களில் அரபி எழுத்து. ஒன்றைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, அது உருகிப் போனுடனேயே ஒட்டிவிட்டது. இவற்றையெல்லாம் மதுரைப் பக்கத்துக் கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்து, செம்பையும் மற்றதையும் எடுத்துக்கொண்டு, நமக்குப் பணம் தருவான். அந்தப் பணம் டயாலிசிஸுக்காகத் திருநெல்வேலிக்கு ஓடுகிற நம்மூர்க்காரர்களுக்குப் பஸ் கட்டணமாகவும் மத்தியானச் சாப்பாடாகவும் ஆகும். நல்ல காரியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த மறு வாரம், காலை ஆறு மணிக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு போன் அடித்தது.

உயிர் இல்லாத போன்கள்தான் உள்ளே கிடக்கின்றன என்று நினைத்திருந்தேன். பழைய பொத்தான் போனை அணைத்து வைத்தாலும், பாட்டரியில் கொஞ்சம் தெம்பு இருந்தால் அலாரம் வைத்த நேரத்துக்குத் தானாக விழித்துக்கொள்ளுமாம். அது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினேன். அறுபத்துநான்காவதாக வந்தது அது. சின்னத் திரை மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அதில் ஆங்கில எழுத்தில் "அப்பா டேப்லட்" என்று இருந்தது, மாத்திரை வேளைக்கு வைத்த அலாரம்.

கொடுத்தது யார் என்று நினைவு வந்தது. பின் தெருப் பையன். அவனுடைய அப்பா தவறிப் பங்குனியோடு ஒரு வருஷம். "சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கிடுங்க தாத்தா" என்று வைத்துவிட்டுப் போனவன். சட்டையை மாட்டிக்கொண்டு போனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவனுடைய அம்மா என் கையைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு அடிச்சுதா?" என்று கேட்டாள்.

அடித்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். மகனைத் திட்டவில்லை. எனக்கு ஒரு வார்த்தை நன்றியும் சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அன்று முதல்தான் போன் கொண்டு வருகிறவர்களிடமெல்லாம் "வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா?" என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியில் கோபித்துக்கொண்டு திரும்பினவர்கள் இதுவரை ஏழு பேர். செயலாளர் சொல்கிற மாதிரி ஐம்பது பேர் அல்ல. அதையும் எண்ணி வைத்திருக்கிறேன்.

"சும்மாதான் கெடக்கு" என்ற வார்த்தையை நான் முதன்முதலில் இப்படிக் கேட்டது ஐந்தாம் வகுப்பில் படித்தபோது. இதே ஊரில்தான்.

அந்த வருஷம் மழை இல்லை. குருவிகுளம் பக்கம் கம்பும் சோளமும் முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றன. எங்கள் வேதக்கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களில் பாதிப் பேர் அந்தப் பண்டிகையைப் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். சபை மக்கள் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டு வருவார்கள். கால் கட்டிய கோழி, ஆட்டுக்குட்டி, பூசணி, கரும்பு, முருங்கைக்காய், மூட்டை நெல். ஆராதனை முடிந்ததும் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்து எல்லாம் ஏலம் போகும். அந்த ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயர்ந்த விலைக்கு எடுத்தவன் அதை வீட்டுக்குக் கொண்டு போகாமல், "மறுபடியும் கர்த்தருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். அது மறு ஏலத்துக்கு வரும். ஒரே எலுமிச்சம்பழம் மூன்று பேர் கைக்குப் போய் மூன்று தடவையும் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கிறவனுக்கு அன்றைக்குப் பெரிய மரியாதை. எடுத்ததை மடியில் கட்டிக்கொண்டு போகிறவனை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள்.

மழை பொய்த்த அந்த வருஷம் கொண்டு வர என்ன இருக்கிறது? எங்கள் சபைப் போதகர், ஐயர் என்றுதான் சொல்வோம், பிரசங்க மேடையில் நின்று, வயல் கொடுக்காவிட்டால் வீடு கொடுக்கட்டும் என்றார். வீட்டில் சும்மா கிடக்கிற சாமான் எதுவானாலும் கொண்டு வாருங்கள். ஏலம் விட்டு வருகிற பணத்தைத் தொழுநோயாளர் இல்லத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார். ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் ஒரு தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு நான்கு நாள் வீடு வீடாகப் போனோம். என்னவெல்லாம் வந்தது என்று நினைக்கிறீர்கள்? திரி போன ஸ்டவ். உள்ளே செல் கசிந்து பச்சைப் பசையாகிவிட்ட டார்ச் லைட்டுகள். துணி இல்லாத குடைக் கம்பிகள். கிராமபோனின் புனல் மட்டும். உலக்கை இல்லாத உரல். ஒரு வீட்டில் இறந்துபோன மாமனாரின் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஐயர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் தன் அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அது என்ன ஆயிற்று என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா தானே உள்ளே போய், துண்டில் சுற்றி எதையோ எடுத்து வந்து வண்டியில் வைத்தார். துண்டை உருவினார். அண்ணனுடைய அலாரம் கடிகாரம்.

வண்டி தள்ளிய பையன், "சார், இது ஓடுதே" என்றான்.

"ஓடட்டும்லே. சும்மாதான கெடக்கு" என்றார் அப்பா. யார் முகத்தையும் பார்த்துச் சொல்லவில்லை.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கை அகலம். பச்சை வர்ணம். தலையில் குல்லா வைத்த மாதிரி ஒரு மணி. முதுகில் இரண்டு சாவி. ஒன்று ஓடுவதற்கு, ஒன்று அடிப்பதற்கு. முகத்தில் பெரிய முள்கள் இரண்டு, அவற்றோடு சின்னதாக ஒரு முள். எத்தனை மணிக்கு அடிக்க வேண்டும் என்று அந்தச் சின்ன முள்தான் காட்டும். என்னைவிட ஒன்பது வயது மூத்த அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப்போன வருஷம் அப்பா அதை வாங்கி வந்தார். சின்ன முள்ளை அஞ்சே காலில் நிறுத்தினதும் அவர்தான். அஞ்சே காலுக்கு எழும்பிப் படித்தால் கழுதைகூடத் தேறிவிடும் என்று அடிக்கடி சொல்வார். அப்பா எங்கள் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார்.

அண்ணன் கணக்கில்தான் தோற்றான்.

அப்பா அவனை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பதிலாக, அந்தக் கோடை முழுவதும் அப்பா அவனோடு பேசவில்லை. ஒரே அறையில் மூன்று அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "ஏலே, உங்கண்ணன்கிட்ட சொல்லு, சைக்கிளுக்குக் காத்து அடிக்கணும்" என்பார் என்னிடம். நான் அண்ணன் பக்கம் திரும்பி அதையே சொல்வேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அண்ணனும் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டான்.

ஒரு நாள் விடியற்காலையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்துவதற்குக் கை வரவில்லை. ஸ்பிரிங் தளர்ந்து, சத்தம் இழுத்து இழுத்து, தானாக அடங்கியது. எழுந்து பார்த்தால் அண்ணனுடைய பாய் சுருட்டி மூலையில் சாத்தி வைத்திருந்தது. வாசல் கதவைப் போகிறபோது சாத்திவிட்டுத்தான் போயிருந்தான். தாழ்ப்பாள் உள்பக்கம் இருப்பதால் அதை மட்டும் அவனால் போட முடியவில்லை. விடியற்காலை முதல் ரயில் வண்டியில் விருதுநகருக்குச் சீட்டு வாங்கினான் என்று ஸ்டேஷன் பக்கமிருந்து தகவல் வந்தது. பம்பாயிலிருந்து ஒரே ஒரு கார்டு வந்தது, நலம் என்று. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

அன்று முதல் கடிகாரம் அம்மா கைக்குப் போய்விட்டது. விளக்கேற்றி ஜெபம் முடிந்ததும் அலமாரியிலிருந்து எடுத்து இரண்டு சாவியையும் முடுக்குவாள். சின்ன முள்ளைத் தொட மாட்டாள். விடியற்காலை அஞ்சே காலுக்கு அது அடிக்கும். அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்து, கதவின் இரண்டு பக்கத்தையும் முழுசாகத் திறந்து வைத்துவிட்டு நிற்பாள். வெளியே இன்னும் சாம்பல் நிறமாக இருக்கும். தெருக்கோடி வீடுகளில் தறிச் சத்தம் ஆரம்பித்திருக்கும். முதல் வண்டி ஊதுகிற வரைக்கும் அப்படியே நிற்பாள். வண்டிச் சத்தம் தேய்ந்து போனதும் குடத்தை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். ஏன் கதவைத் திறந்து வைக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். காற்று வரட்டும் என்றாள்.

அந்த நேரத்தில் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். உறங்குகிறார் என்றுதான் அம்மா நினைத்தாள். என் பாய் சுவரோரம். அவருடைய கண் திறந்திருந்தது எனக்குத் தெரியும்.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படி நடந்தது. அப்பா அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. கல்நெஞ்சு என்று நினைத்தேன். இப்போது எனக்கு அப்பா வாழ்ந்ததைவிட வயது கூடிவிட்டது. இப்போது பார்க்கிறபோது வேறு மாதிரி தெரிகிறது. அம்மா நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தாள். மணி நின்றால் அவள் எதிர்பார்ப்பதும் நின்றுவிடும், நல்லது என்று அவர் நினைத்திருக்கிறார். அந்த அஞ்சே காலை வைத்தது தன் கை என்பதும் அவருக்கு ஒவ்வொரு நாளும் காதில் விழுந்திருக்கும். அவரால் தாங்க முடியவில்லை. நம்மிடம் போன் கொண்டு வருகிற பிள்ளைகளும் இப்படித்தான். கெட்ட எண்ணத்தோடு ஒருத்தனும் வருவதில்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எடுத்துவிட்டால் சரியாகிவிடுவாள் என்று நினைத்துத்தான் வருகிறான்.

அன்று விளக்கேற்றிய பிறகு அம்மா அலமாரிக்குப் போனாள். தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்தாலும் கையால் பலகை முழுவதும் தடவிப் பார்த்தாள். கடிகாரம் எங்கே என்று கேட்டாள். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் அப்பா.

"நல்லாத்தான ஓடிச்சு."

"நல்லா ஓடும்போதே பாத்துக்கிடணும்."

மறுநாள் அம்மா எழுந்தபோது வெயில் வாசற்படிக்கு வந்துவிட்டது. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடியை முடியாமல் வந்து என் பக்கத்தில் நின்று, "வண்டி போயிட்டா?" என்றாள்.

போய்விட்டது என்றேன். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியத் தாமதமாயிற்று. சனிக்கிழமையும் அப்படியே. ரிப்பேர்க் கடை எது, தானே போய் வாங்கி வருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டாள். திங்கட்கிழமை தருவான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பண்டிகை. அந்த வருஷம் கோயிலில் புது நெல் வாசனை இல்லை. மண்ணெண்ணெயும் துருவும்தான் மணத்தன. பலிபீடத்துக்கு முன்னால் நீளமாக மேசை போட்டு எல்லாச் சாமானையும் அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். முடுக்கிய சாவி மூன்று நாள் தாங்காது. கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளைதான், ஓடுகிற சாமானுக்கு விலை கூடும் என்று முடுக்கி வைத்திருக்கிறார். ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடி அமைதியான நேரத்தில் டிக் டிக் என்று கேட்டது. பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணைத் திறந்துவிட்டாள். ஆமென் சொல்கிற வரைக்கும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் ஏலம் தொடங்கியது. கூறியது கோயில்பிள்ளை, அவருக்குத் தொண்டை வெண்கலம். கடிகாரத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஐந்து ரூபாயில் ஆரம்பித்தார். கம்பவுண்டர் ஆறு என்றார். அவர் எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலையில் நேரத்தோடு போய் ஊசி வேகவைக்க வேண்டியவர், அவருக்குக் கடிகாரம் தேவைதான். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து "ஏழு" என்று கேட்டது.

பெண்கள் ஏலம் கேட்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரும் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"வாத்தியாரம்மால்லா கேக்காக" என்று யாரோ சொல்ல, கூட்டம் முழுவதும் சந்தோஷமாகிவிட்டது. அதுவரை சவசவவென்று போய்க்கொண்டிருந்த ஏலம் சூடு பிடித்தது. அரிசிக்கடை அண்ணாச்சிக்குக் கடிகாரம் வேண்டாம். அவர் கடையில் பெரிய சுவர்க்கடிகாரமே இருந்தது. அவரும் நடுவில் புகுந்தார்.

"வாத்தியார் வீட்டுச் சாமானை வாத்தியார் வீட்டுக்கே விட்டுருவமா வே? பத்து."

அம்மா பதினொன்று என்றாள். பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஏறியது. அம்மா கேட்கக் கேட்க, கர்த்தருடைய காரியத்தில் அவளுக்கு இருந்த வைராக்கியத்தை எல்லோரும் மெச்சினார்கள். ஐயர் முகம் மலர்ந்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு அது வேண்டும், அவ்வளவுதான் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அரிசிக்கடை அண்ணாச்சியே வாயை மூடியிருப்பார், நல்ல மனுஷன். இருபத்தொரு ரூபாயில் அவர் கையைத் தூக்கிக் கும்பிட்டு ஒதுங்கினார். மூன்று தரம் கூறியாயிற்று. கோயில்பிள்ளை கடிகாரத்தைக் கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தார். அவள் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து முந்தானையால் மூடினாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு வந்தது. இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

கூட்டம் அப்பாவைப் பார்த்தது. அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். சபையே பார்க்கிறபோது, அந்த வருஷத்திலேயே அதிக விலைக்குப் போன சாமானை வாத்தியார் வீட்டில் மடியில் கட்டிக்கொண்டு போக முடியுமா? அப்பா எழுந்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டார்.

"அதையும் கர்த்தருக்கே குடுத்துருதோம். மறு ஏலம் போடுங்க" என்றார்.

கைதட்டினார்கள். கோயில்பிள்ளை சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் வந்து கையை நீட்டினார். அம்மா முந்தானையை எடுக்கவில்லை. அவர் குனிந்து, மெதுவாக, "விடுங்கம்மா" என்றார். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். கர்த்தருக்கு என்று நான்கு பேர் அறியச் சொன்ன பிறகு இல்லை என்று சொல்லுகிற துணிச்சல் அந்தக் காலத்துப் பெண்ணுக்கு எப்படி வரும்? அவளுடைய விரல்களை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகத்தான் விட்டாள்.

மறு ஏலத்தில் ஒன்பது ரூபாய்க்குக் கம்பவுண்டர் எடுத்தார். அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. சிலர் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

அந்தப் பணமெல்லாம் தொழுநோயாளர் இல்லத்துக்குத்தான் போயிற்று. ஒரு பைசா தவறவில்லை. யாரோ நடக்க முடியாதவர்களுக்குக் கஞ்சியாகவும் மருந்தாகவும் ஆகியிருக்கும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமாக இந்த இரண்டையும் எடை போட்டுப் பார்க்கிறேன். தராசு ஒரு பக்கமும் நிற்க மாட்டேன் என்கிறது.

திங்கட்கிழமை விடியற்காலை அந்த மணி அடித்தது. மூன்று வீடு தள்ளி, கம்பவுண்டர் வீட்டுக்குள். அவருக்கும் அஞ்சே கால் தோதாக இருந்திருக்க வேண்டும். சின்ன முள்ளை மாற்றவில்லை. தெரு அமைதியாக இருக்கிற நேரம், தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி மெல்லியதாகக் கேட்டது. அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள். அப்பா பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். திறந்த வாசலில் நின்ற அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டை விட்டு அனுப்பிவிட்ட சத்தம் தெருவிலிருந்து திரும்பி வருகிறது. இனி அதை அவர் யாரிடம் போய் நிறுத்தச் சொல்வார்?

அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. மணி அடிக்கும், அம்மா கதவைத் திறப்பாள், அப்பா எழுந்து உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் அந்த மணிக்கே விழித்துப் பழகிவிட்டேன். அண்ணன் வந்தானா என்று கேட்பீர்கள். வரவில்லை.

மறு வருஷம் சித்திரை வெயிலில் கம்பவுண்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். அப்பா போய்க் கயிறு கட்ட உதவி செய்துகொண்டிருந்தார். தெருப் பெண்கள் வழியனுப்ப நின்றார்கள். கம்பவுண்டரின் மனைவி வண்டியில் ஏறி உட்கார்ந்து, உடைகிற சாமான்களை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கண்ணாடி விளக்கு, ஒரு படம், அந்தக் கடிகாரம். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கேப்பீகளா? அந்தச் சின்ன முள்ள மட்டும் மாத்திராதீக. எந்த ஊர்ல இருந்தாலும் அஞ்சே காலுக்கே அடிக்கட்டும்."

அந்த அம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"இது எங்க அடிக்கு? உள்ள ஸ்பிரிங்கு அத்துப்போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சே. சும்மா மணி பாக்கத்தான் வச்சிருக்கோம்."

அம்மா அந்த மடியில் இருந்த கடிகாரத்தையே பார்த்தாள். அவள் கை என் தோளில் இருந்தது. அது ஜில்லென்று ஆனது தெரிந்தது. அன்று விடியற்காலையிலும் அவள் மணிச் சத்தத்துக்குத்தான் எழுந்தாள். நானும் அந்தச் சத்தத்துக்குத்தான் விழித்தேன். முந்தின நாளும், அதற்கு முந்தின நாளும். வண்டிக்கு அந்தப் பக்கம் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அப்பா முடிச்சைப் பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். அவருக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்பதை அந்த முகத்தில் பார்த்தேன்.

மாடு நகர்ந்தது. வண்டி தெருமுனை திரும்பி ஸ்டேஷன் ரோட்டுக்குப் போய்விட்டது. இராத்திரி சாப்பிடும்போது மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

மறுநாள் அஞ்சே காலுக்கு மணி அடித்தது. அம்மா கையை ஊன்றி எழுவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். அவரே போய்த் தாழ்ப்பாளை எடுத்தார். கதவின் இரண்டு பக்கத்தையும் முழுசாகத் திறந்து வைத்தார். அம்மா நிற்கிற இடத்தை விட்டு ஒரு முழம் தள்ளி, அவளுக்கு வழி விட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.